சமுதாயக் கல்லூரியின் சமூக அறிவியல் ஆசிரியர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? (கலிஃபோர்னியா)

ஃப்ரீமாண்ட்_அப்பா

நண்பர்களுக்கு வணக்கம். மகள் இந்த ஆண்டு உயர்நிலைப் பள்ளியை முடிக்கிறாள். பெர்க்லியும் யூசிஎல்ஏயும் கையை விரித்துவிட்டன. இரண்டு ஆண்டுகள் அருகிலுள்ள சமுதாயக் கல்லூரியில் (கம்யூனிட்டி காலேஜ்) படித்துவிட்டு மூன்றாம் ஆண்டுக்கு யூசிக்கு (பெர்க்லி, யூசிஎல்ஏ எல்லாம் சேர்ந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) மாறிக்கொள்கிறேன் என்று அவளே முடிவு செய்துவிட்டாள். பாடம் அரசியல் அறிவியல், துணைக்குச் சமூகவியல். (கணினி ஏன் இல்லை என்று இங்கே யாரும் கேட்க வேண்டாம். அந்தக் கேள்வியை என் மாமனார் சென்னையிலிருந்து வாரந்தோறும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

பணத்தைப் பற்றிய கவலை இல்லை, மிச்சம்தான். என் உறுத்தல் வேறு. சமூக அறிவியல் பிரிவில் யார் யார் பாடம் நடத்துகிறார்கள் என்று உட்கார்ந்து பார்த்தேன். அரசியல் அறிவியலுக்கு ஒரு முன்னாள் வழக்கறிஞர். உளவியலுக்குக் குடும்பநல ஆலோசகர் ஒருவர். சமூகவியலுக்கு வந்தவர் சமூகப்பணியில் பட்டம் பெற்றவர். ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரி ஒருவரும் இருக்கிறார். முனைவர் பட்டம் பெற்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்களில் பலர் அருகிலுள்ள கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகங்களில் முதுகலையோடு நிறுத்திக்கொண்டவர்கள்.

யாரையும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் யூசியில் சேர்ந்திருந்தால் துறையில் பெயர் பெற்ற பேராசிரியரிடம் கேட்டிருக்க வேண்டிய முதலாண்டுப் பாடத்தை இவர்களிடம் கேட்டால் போதுமா? இந்த ஆட்களை எந்த அளவுகோலில் எடுக்கிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாலைநேர_ஆசிரியை

ஐயா, நீங்கள் பட்டியலில் பார்த்த "சமூகப்பணியில் பட்டம் பெற்றவர்" போன்ற ஆள்தான் நானும். இளங்கலையில் சமூகவியல், முதுகலையில் சமூகப்பணி. குழந்தைகள் நலத்துறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இப்போது இரண்டு கல்லூரிகளில் பகுதிநேரமாகச் சமூகவியல் நடத்துகிறேன். எனவே சார்பில்லாத சாட்சி என்று என்னைக் கொள்ள வேண்டாம். விதியை மட்டும் சொல்கிறேன்.

கலிஃபோர்னியாவில் மாநிலம் முழுவதற்கும் ஒரே "குறைந்தபட்சத் தகுதி"ப் பட்டியல் இருக்கிறது. கல்லூரிகளின் ஆசிரியர் பேரவை பரிந்துரைக்கிறது, சமுதாயக் கல்லூரிகளின் மாநில நிர்வாகக் குழு ஏற்கிறது. பொது விதி எளிமையானது: அந்தத் துறையில் முதுகலைப் பட்டம். அது இல்லையென்றால், அந்தத் துறையில் இளங்கலையும் பட்டியலில் சொல்லப்பட்ட பக்கத்துத் துறை ஒன்றில் முதுகலையும் வேண்டும். சமூகவியலுக்கு மானுடவியல், உளவியல், சமூகப்பணி போன்றவை பக்கத்துத் துறைகள். உளவியலில் இளங்கலை முடித்து ஆலோசனைத் துறையில் முதுகலை பெற்றவர் உளவியல் நடத்தலாம். நீங்கள் கண்ட குடும்பநல ஆலோசகர் அந்த வாசல் வழியாக வந்திருக்கலாம்.

வழக்கறிஞர் விஷயம் இன்னும் நுணுக்கமானது. வெறும் சட்டப் பட்டம் போதாது. இளங்கலையில் அரசியல் அறிவியலோ பொது நிர்வாகமோ பன்னாட்டு உறவுகளோ படித்திருந்து, அதன்மேல் சட்டம் முடித்திருந்தால்தான் அரசியல் அறிவியல் வகுப்புக்குள் நுழைய முடியும். ஆங்கில இலக்கியம் படித்துவிட்டுச் சட்டத்துக்குப் போனவருக்கு, நீதிமன்றத்தில் எவ்வளவு பெயர் இருந்தாலும், அந்தக் கதவு நேரடியாகத் திறக்காது.

இதைத் தவிர "இணைத்தகுதி" என்று ஒன்று உண்டு. பட்டத்தின் பெயர் பொருந்தாவிட்டாலும் படித்த பாடங்கள் பொருந்துகின்றன என்று ஒருவர் வாதிடலாம். அதை அந்தந்தக் கல்லூரி மாவட்டத்தின் (கல்லூரிகளை நடத்தும் வட்டார நிர்வாக அமைப்பு) ஆசிரியர் குழு ஆராயும். சுலபத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது, வெளியில் பலருக்குத் தெரியாது. பலவகைச் சமூக, பொருளாதார, கல்விப் பின்னணிகளிலிருந்து வரும் மாணவர்களையும் உடற்குறை உள்ளவர்களையும் புரிந்து நடத்தத் தெரியும் என்று ஒவ்வொரு விண்ணப்பதாரரும் காட்டியாக வேண்டும். அதுவும் குறைந்தபட்சத் தகுதியின் பகுதிதான். நேர்முகத்தில் இதைத் துருவித் துருவிக் கேட்பார்கள்.

சியாட்டில்_பொருளியல்

விதியைத் தெளிவாகச் சொன்னதற்கு நன்றி. ஆனால் அதே பட்டியலில் பொருளியலுக்கு என்ன எழுதியிருக்கிறது என்பதையும் சொல்லிவிடுங்கள். பொருளியலில் முதுகலை, அல்லது பொருளியலில் இளங்கலையோடு வணிக நிர்வாகம், நிதி, அரசியல் அறிவியல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில் முதுகலை. அதாவது எம்பிஏ படித்த ஒருவர் பேரியல் பொருளியல் நடத்தலாம்!

எம்பிஏவில் இரண்டே இரண்டு பொருளியல் பாடங்கள் வைத்திருப்பார்கள். அதை வைத்துக்கொண்டு வட்டி விகிதத்தை உயர்த்தினால் வேலைவாய்ப்பு ஏன் குறைகிறது என்பதைப் பாடநூலில் உள்ளபடி ஒப்பிக்கலாம். கெட்டிக்கார மாணவி ஒருத்தி எழுந்து "2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு இவ்வளவு பணத்தை அச்சடித்தும் விலைவாசி ஏன் உடனே ஏறவில்லை?" என்று கேட்டால்? துறைக்குள் சண்டை எங்கே நடக்கிறது என்று தெரிந்தவர்தான் அந்தக் கேள்விக்கு மரியாதை செய்ய முடியும்.

முதலாண்டுப் பாடம்தானே என்று சொல்பவர்களுக்கு: முதலாண்டுப் பாடம்தான் மிகக் கடினமானது. அங்கே தப்பான வாய்ப்பாடு மனத்தில் ஏறிவிட்டால் மூன்றாம் ஆண்டில் அதைக் கழற்றுவது பெரும்பாடு. தந்தையின் கவலை நியாயமானது என்றே சொல்வேன்.

தொல்குழி

நான் இந்த வழியாகத்தான் போனேன். சமுதாயக் கல்லூரி, பிறகு யூசி டேவிஸ். ஆசிரியர்களைப் பட்டத்தால் அளந்திருந்தால் எனக்கு வாழ்க்கையே வேறாகியிருக்கும்.

மானுடவியல் அறிமுகப் பாடத்தை நடத்தியவர் முதுகலைதான். பகலில் ஒரு தொல்லியல் ஆய்வு நிறுவனத்தில் வேலை. அமெரிக்காவில் அரசுப் பணத்தில் சாலையோ அணையோ கட்டுமுன் அந்த நிலத்தில் பழங்காலத் தடயங்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும் என்பது 1966ஆம் ஆண்டுச் சட்டம். அந்த வேலைதான் அவருக்கு. செவ்வாய் மாலை காலணியில் மண்ணோடு வகுப்புக்கு வருவார். ஒரு சிப்பிக்குவியலை வைத்துக்கொண்டு, இங்கே வாழ்ந்த ஓலோனி மக்கள் எந்தப் பருவத்தில் என்ன சாப்பிட்டார்கள் என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறோம் என்று அவர் சொன்ன விதம் இன்னும் நினைவில் இருக்கிறது. தோண்டிய இடத்தில் எலும்பு கிடைத்தால் யாரை முதலில் அழைக்க வேண்டும், பூர்வகுடியினரின் பிரதிநிதி வரும்வரை ஏன் வேலையை நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அன்றாடம் செய்தவர் வாயிலிருந்து வந்தது.

பிறகு டேவிஸில் பெரிய பெயர்கள் உண்மையாகவே இருந்தார்கள். முந்நூறு பேர் அமரும் அரங்கில், மேடைக்கு வெகு தொலைவில் உட்கார்ந்து அவர்களைப் பார்த்தேன். என் கட்டுரையைத் திருத்தியவரும் கலந்துரையாடல் வகுப்பை நடத்தியவரும் ஆய்வு மாணவர்கள். அவர்களில் ஒருவர் அப்போதுதான் முனைவர் படிப்பில் சேர்ந்திருந்தார், கையில் முதுகலைகூட இல்லை! ஃப்ரீமாண்ட் அப்பா, "பெயர் பெற்ற பேராசிரியரிடம் கேட்டிருப்பாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டிருப்பாள்தான், ஒலிபெருக்கியில்.

பழங்கதைப்_பிரியன்

இந்த ஆசிரியர்களின் பின்னணி ஏன் இப்படிக் கலவையாக இருக்கிறது என்பதற்கு ஒரு நூற்றாண்டுக் கதை இருக்கிறது. சுருக்கமாகச் சொல்ல முயல்கிறேன், எனக்குச் சுருக்கமாகச் சொல்ல வராது.

அமெரிக்காவில் இன்றுவரை தொடர்ந்து நடக்கும் முதல் அரசு ஜூனியர் கல்லூரி (சமுதாயக் கல்லூரியின் பழைய பெயர்) இல்லினாயில் 1901இல் ஜோலியட் ஊரில் தொடங்கியது. எங்கே? ஓர் உயர்நிலைப் பள்ளியில். சேர்ந்தவர்கள் ஆறு மாணவர்கள். கலிஃபோர்னியா 1907இல் பள்ளிகளே கல்லூரிப் பாடங்களை நடத்தலாம் என்று சட்டம் போட்டது. 1910இல் ஃப்ரெஸ்னோ அதைச் செய்துகாட்டியது. பள்ளிக்குள் பிறந்த கல்லூரி என்பதால் ஆசிரியர்களும் பள்ளி ஆசிரியர்களே. காலையில் பத்தாம் வகுப்புக்கு வரலாறு நடத்தியவர் பிற்பகலில் "கல்லூரி வரலாறு" நடத்துவார். அந்தப் பரம்பரை பல பத்தாண்டுகள் நீடித்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்து, படைவீரர் மறுவாழ்வுச் சட்டத்தின் காசோடு இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு 1947இல் இந்தக் கல்லூரிகளை நாடெங்கும் பரப்பச் சொன்னது. 1960இல் கலிஃபோர்னியாவின் உயர்கல்விப் பெருந்திட்டம் வந்தது. ஆராய்ச்சியும் முனைவர் பட்டமும் யூசிக்கு, முதுகலையும் ஆசிரியர் பயிற்சியும் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு, வருகிற எவருக்கும் கதவு திறப்பது சமுதாயக் கல்லூரிக்கு. சமுதாயக் கல்லூரி ஆசிரியரின் வேலை கற்பிப்பது. ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. முனைவர் பட்டத்தைக் கட்டாயமாக்காததன் வேர் அங்கே இருக்கிறது.

அதே 1960இல் சமூகவியலாளர் பர்ட்டன் கிளார்க், சான் ஹோசேயின் ஜூனியர் கல்லூரியை ஆராய்ந்து ஒரு கசப்பான முடிவுக்கு வந்தார். திறந்த கதவு வழியாக எல்லோரையும் உள்ளே விட்டுவிட்டு, பல மாணவர்களின் பெரிய ஆசைகளை மெல்லத் தணித்துச் சிறிய ஆசைகளுக்குப் பழக்குவதும் இந்தக் கல்லூரிகளின் வேலையாகிவிடுகிறது என்றார். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தத் துறையில் அதைப் பற்றிய சண்டை ஓயவில்லை.

1990 வரை இங்கே ஆசிரியராக மாநில உரிமம் வேண்டியிருந்தது, பள்ளிகளுக்கு இருப்பதுபோல. சிலருக்கு வாழ்நாள் உரிமமே கிடைத்தது, அது இன்றும் செல்லும். 1988இல் ஆளுநர் டூக்மேஜியன் கையெழுத்திட்ட ஏபி 1725 என்ற சட்டம் உரிம முறையை ஒழித்தது. மாலைநேர ஆசிரியை சொன்ன தகுதிப் பட்டியலும், அதை வகுப்பதில் ஆசிரியர்களுக்கே கிடைத்த பெரும்பங்கும் அந்தச் சட்டத்தின் பிள்ளைகள். பள்ளியின் நிழலிலிருந்து கல்லூரி முழுதாக வெளியே வந்தது அப்போதுதான் என்பது என் கருத்து.

ஹூஸ்டன்வாசி

டெக்சாசில் கதை வேறு. இங்கே மாநில அரசுக் கல்லூரி எதில் பட்டம் வாங்கினாலும், பொறியியலாக இருந்தாலும், அமெரிக்க வரலாற்றில் ஆறு யூனிட்டும் (பாட அளவின் கணக்கு) அரசாங்கப் பாடத்தில் ஆறு யூனிட்டும் படித்தே ஆக வேண்டும். அரசாங்கத்தில் ஒன்று வாஷிங்டனைப் பற்றியது, இன்னொன்று டெக்சாசைப் பற்றியது. எனவே சமுதாயக் கல்லூரிகளில் இந்த இரண்டு துறைகளும் ஆலமரமாக நிற்கின்றன. மானுடவியலையும் புவியியலையும் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

தகுதி விஷயத்தில் மாநிலப் பட்டியல் என்று இல்லை, தென்மாநிலங்களின் அங்கீகார அமைப்பு சொல்வதுதான் நடைமுறை. ஏதேனும் முதுகலை, அதில் நடத்தும் பாடத்தில் குறைந்தது 18 யூனிட் முதுகலை அளவில் படித்திருக்க வேண்டும். இந்தப் பதினெட்டுதான் இங்கே எல்லோர் வாயிலும் இருக்கும் எண். கல்வியியலில் முதுகலை பெற்ற பள்ளி ஆசிரியர்கள் கோடையில் இணையவழியில் வரலாற்றுப் பாடங்களை எடுத்து அந்தப் பதினெட்டை நிரப்புகிறார்கள். ஏனென்றால் இரட்டைச் சேர்க்கைத் திட்டத்தில் பதினோராம் வகுப்பிலேயே கல்லூரி வரலாறு நடத்தப்படுகிறது. நடத்துபவர் அந்தப் பள்ளியின் ஆசிரியர். பழங்கதைப் பிரியன் சொன்ன 1910 இங்கே திரும்பி வந்துவிட்டது.

என் மகன் அப்படித்தான் இரண்டு வரலாற்றுப் பாடங்களையும் பள்ளியிலேயே முடித்தான். யூனிட் கிடைத்தது. ஆனால் கல்லூரி வகுப்பு என்றால் என்னவென்று தெரியாமலேயே பல்கலைக்கழகத்துக்குப் போனான். ஃப்ரீமாண்ட் அண்ணா, உங்கள் மகள் கல்லூரி வளாகத்துக்குள் போய்ப் படிக்கிறாள் அல்லவா, அதுவே பாதி வெற்றி.

மாலைநேர_ஆசிரியை

> எம்பிஏ படித்த ஒருவர் பேரியல் பொருளியல் நடத்தலாம்!

நடத்தலாம் என்று விதி சொல்கிறது. எத்தனை பேருக்கு வேலை கிடைக்கிறது என்பது வேறு கேள்வி. முழுநேரப் பொருளியல் இடம் ஒன்று அறிவித்தால் முனைவர்களும் பொருளியல் முதுகலைகளும் வரிசையில் நிற்கிறார்கள். தேர்வுக் குழுவில் அந்தத் துறை ஆசிரியர்கள் உட்காருகிறார்கள். பதினைந்து இருபது நிமிட மாதிரி வகுப்பு நடத்தச் சொல்கிறார்கள். அங்கே எம்பிஏக்காரர் உங்கள் 2008 கேள்விக்குத் தடுமாறினால் வீட்டுக்குத்தான்.

அடுத்து, யாரும் தன் விருப்பத்துக்குப் பாடம் நடத்த முடியாது. ஒவ்வொரு பாடத்துக்கும் கல்லூரி ஏற்றுக்கொண்ட அதிகாரபூர்வப் பாடவரைவு இருக்கிறது. என்னென்ன கருத்துகள், என்ன வகை எழுத்துப் பணி, எப்படி மதிப்பிடுவது என்று எல்லாம் அதில் உண்டு. யூசி அந்த வரைவைப் பார்த்துத்தான் பாடத்தை ஏற்கிறது. ஆசிரியர் முனைவரா முதுகலையா என்று மாணவியின் மதிப்பெண் பட்டியலில் எங்கும் வராது. 2025 இலையுதிர் பருவம் முதல் அமெரிக்க அரசாங்கம், உளவியல் அறிமுகம் போன்ற சில பாடங்களுக்கு மாநிலம் முழுவதும் ஒரே பாட எண்ணே வந்துவிட்டது.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். துறைக்குள் நடக்கும் சண்டையைத் தெரிந்து வைத்திருப்பது பற்றி நீங்கள் சொன்னது சரி. சமூகப்பணி படித்த எனக்குக் குடும்பம், வறுமை, நிறுவனங்கள் பற்றி நடத்துவது கைவந்த கலை. சமூகவியலின் முன்னோடிகளான வெபரையும் துர்கைமையும் நடத்த நான் தனியாக உழைக்க வேண்டியிருந்தது. அந்த உழைப்பைச் செய்யாமல் அனுபவக் கதைகளை மட்டும் சொல்லிப் பருவத்தை ஓட்டுகிறவர்கள் உண்டு. மாணவர்களுக்கு அவர்களை மிகவும் பிடிக்கும், அதுதான் ஆபத்து.

சியாட்டில்_பொருளியல்

அந்தக் கடைசிப் பத்திக்கு என் வணக்கம். நான் அஞ்சுவது அதைத்தான்.

வழக்கறிஞர் நடத்தும் அரசியல் அறிவியல் வகுப்பு எப்படி இருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. அரசமைப்புச் சட்டமும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளும் உயிரோடு வரும். ஆனால் ஏன் சிலர் வாக்களிக்கிறார்கள், சிலர் வீட்டிலேயே இருக்கிறார்கள்? ஒரு மாநிலத்தில் இரு கட்சி முறை ஏன் நிலைக்கிறது? தரவை வைத்து இதை எப்படி நிரூபிப்பது? இது சட்டக் கல்லூரியில் கற்றுத் தருவதல்ல. மகள் அரசியல் அறிவியலையே முதன்மைப் பாடமாக எடுக்கப்போகிறாள் என்றால், முதல் பாடத்தை வழக்கறிஞரிடம் படிக்கட்டும், ஒப்பீட்டு அரசியலை அந்தத் துறையில் ஆய்வுப் பயிற்சி பெற்றவரிடம் படிக்கட்டும். புள்ளியியலையும் இரண்டு ஆண்டுக்குள் முடித்துவிடட்டும், யாரிடம் என்றாலும் சரி.

ஃப்ரீமாண்ட்_அப்பா

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அந்தப் போலீஸ் அதிகாரி எப்படி உள்ளே வந்தார் என்று யாரும் சொல்லவில்லையே? அவருக்கு முதுகலைகூட இருப்பதாகத் தெரியவில்லை.

பழங்கதைப்_பிரியன்

அவர் நடத்துவது "நீதி நிர்வாகம்" என்ற பாடமாக இருக்கும். பல கல்லூரிகளில் அதைச் சமூக அறிவியல் பிரிவோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஆனால் தகுதிப் பட்டியலில் அது வேறு வகை, முதுகலையை எதிர்பார்க்காத துறைகளின் வரிசை. ஏதேனும் இளங்கலையோடு இரண்டு ஆண்டுத் தொழில் அனுபவம், அல்லது இரண்டாண்டு அசோசியேட் பட்டத்தோடு ஆறு ஆண்டு அனுபவம் போதும். காவல்துறையில் சேர விரும்பும் இளைஞர்களுக்கு அவர் பொருத்தமானவர். குற்றம் ஏன் நடக்கிறது என்ற சமூகவியல் கேள்விக்கு வேறு ஆள் இருக்கிறார். இருவரும் ஒரே நடைபாதையில் அடுத்தடுத்த அறைகளில் இருப்பார்கள், மதிய உணவின்போது என்ன பேசிக்கொள்வார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

இதற்கு நேர் எதிரான வகை ஒன்றும் இருக்கிறது: எத்னிக் ஸ்டடீஸ். இப்போது யூசிக்கும் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் மாறிச் செல்வதற்கான பொதுப் பாடத்தொகுப்பில் அது ஒரு கட்டாயப் பகுதி. உங்கள் மகளும் ஒன்று எடுப்பாள். கறுப்பின, சிகானோ (மெக்சிகோ வழி வந்த அமெரிக்கர்), பூர்வகுடி, ஆசிய அமெரிக்க ஆய்வுகளில் நேரடியாகப் படித்தவர்கள் வேண்டும் என்பதில் அந்தத் துறைக்காரர்கள் கறாராக இருக்கிறார்கள், வரலாற்று ஆசிரியரை அப்படியே தூக்கி உட்காரவைக்க ஒப்புக்கொள்வதில்லை. அந்தக் கறார்த்தனத்துக்குக் காரணம் உண்டு. இந்தத் துறையைப் பல்கலைக்கழகம் தானாகத் தந்துவிடவில்லை. 1968-69இல் சான் ஃபிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்து பெற்றார்கள். அதற்கும் முன்பே ஓக்லண்டின் சமுதாயக் கல்லூரியில் கறுப்பின வரலாற்றைப் பாடமாக்கு என்று மாணவர்கள் கேட்டார்கள். அந்த மாணவர்களில் இருவர் ஹூயி நியூட்டனும் பாபி சீலும். கறுப்பினத்தவரின் உரிமைக்குப் போராடிய பிளாக் பேந்தர் கட்சியை 1966இல் தொடங்கியவர்கள் சமுதாயக் கல்லூரி மாணவர்கள் என்பதைப் பெர்க்லிக்காரர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

மாலைநேர_ஆசிரியை

ஐயா, நீங்கள் பட்டங்களைப் பார்த்தீர்கள். அந்தப் பட்டியலில் முழுநேரம் யார், பகுதிநேரம் யார் என்று பார்த்தீர்களா? அதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

1988ஆம் ஆண்டுச் சட்டம் நான்கில் மூன்று பங்கு வகுப்புகளை முழுநேர ஆசிரியர்கள் நடத்த வேண்டும் என்று ஓர் இலக்கு வைத்தது. மாநில அளவில் அந்த இலக்கு எட்டப்படவே இல்லை. நாடு முழுவதும் சமுதாயக் கல்லூரி ஆசிரியர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் பகுதிநேரத்தவர்.

பகுதிநேரத்தவர் ஒரு மாவட்டத்தில் முழுநேரப் பளுவில் 67 விழுக்காட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. முழுப்பளு பருவத்துக்கு ஐந்து வகுப்புகள் என்றால் மூன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மூன்று வகுப்பில் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் வாடகை கட்ட முடியாது. எனவே அடுத்த மாவட்டத்தில் இரண்டு, அதற்கடுத்ததில் ஒன்று. என்னைப் போன்றவர்களை நெடுஞ்சாலைப் பறவைகள் என்று எங்களுக்குள் கேலி செய்துகொள்வோம். 880ஆம் எண் சாலையில் காரில் உட்கார்ந்தே சாண்ட்விச் சாப்பிட்டுவிட்டு நேராக வகுப்புக்குள் நுழைவது வழக்கமாகிவிட்டது.

இதில் முனைவர்கள் இல்லை என்று நினைக்க வேண்டாம். 2008 நெருக்கடிக்குப் பிறகு வரலாறு போன்ற துறைகளில் பல்கலைக்கழக வேலைகள் சுருங்கிவிட்டன. நல்ல பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள் என்னோடு அதே பகுதிநேர அறையில், அதே உடைந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களின் பட்டம் உங்கள் மகளுக்கு எந்த அளவு பயன்படும்? வகுப்பு முடிந்ததும் அடுத்த ஊருக்கு ஓட வேண்டியவரிடம் சந்தேகம் கேட்க எப்போது போவாள்? முழுநேர ஆசிரியருக்குத் தனி அறையும் மாணவரைச் சந்திக்க ஒதுக்கிய நேரமும் உண்டு. பகுதிநேரத்தவருக்கு அந்த நேரத்துக்குச் சில மாவட்டங்கள் பணம் தருகின்றன, சில தருவதில்லை. பலர் பணம் இல்லாமலே செய்கிறார்கள்.

ஒரு நல்ல செய்தி: 2022ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் பகுதிநேரத்தவரின் மருத்துவக் காப்பீட்டுக்காக மாநிலம் ஆண்டுக்கு 20 கோடி டாலர் ஒதுக்கியது. அதற்கு முன் இருந்தது அரைக் கோடிக்கும் மிகக் குறைவு. என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் காப்பீட்டுக்காகவே காபிக்கடை வேலையைப் பிடித்துக்கொண்டிருந்தார், அதை விட்டுவிட்டார்.

தொல்குழி

இதோடு சேர்த்து ஒரு நடைமுறைக் குறிப்பு. யூசிக்கு மாறும்போது பொதுவாகப் பரிந்துரைக் கடிதம் கேட்பதில்லை. ஆனால் ஸ்டான்ஃபோர்ட் போன்ற தனியார் பல்கலைக்கழகங்களுக்கும் விண்ணப்பிக்கப்போகிறாள் என்றால் கேட்பார்கள். அப்போது பகுதிநேர ஆசிரியர் அந்தக் கல்லூரியில் இருப்பார் என்ற உறுதி இல்லை. பருவம் முடிவதற்குள் அவருடைய சொந்த மின்னஞ்சலைக் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். குறைந்தது இரண்டு பாடங்களையாவது முழுநேரத்தவர் ஒருவரிடமே படிக்கட்டும், அவருக்கு இவளைத் தெரிந்திருக்கும்.

ஆசிரியர்களுக்கு மாணவர்கள் நட்சத்திரம் போடும் தளங்களைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அங்கே "கடினம்" என்று திட்டப்பட்டிருப்பவர்களில் பாதிப்பேர் அதிகம் எழுதவைப்பவர்கள். யூசி மூன்றாம் ஆண்டில் எழுத்துதான் காலை வாரும்.

ஃப்ரீமாண்ட்_அப்பா

மகள் இந்த இழை முழுவதையும் மொழிபெயர்ப்பில் படித்துவிட்டாள். அரசாங்கப் பாடத்தை வழக்கறிஞரிடமும் ஒப்பீட்டு அரசியலை முழுநேர ஆசிரியர் ஒருவரிடமும் எடுக்கிறாள். சியாட்டில் சார் சொன்ன புள்ளியியலைக் கேட்டதும் முகம் சுருங்கியது, ஆனாலும் சேர்த்துக்கொண்டாள்.

கோவைக்காரி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். கோவையில் பொருளியலில் எம்ஏ முடித்து, ஒரு தனியார் கல்லூரியில் பாடம் நடத்தினேன். இப்போது கணவரின் வேலை விசாவை ஒட்டிய ஹெச்-4 விசாவில் சான் ஹோசேயில் இருக்கிறேன், வேலை அனுமதி அட்டையும் வந்துவிட்டது. என்னைப் போன்றவர்கள் பகுதிநேரத்துக்கு விண்ணப்பிக்க முடியுமா? நமது மூன்றாண்டு இளங்கலையை ஏற்பார்களா? அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு ஆசையும் பயமும் ஒன்றாக வருகின்றன.

மாலைநேர_ஆசிரியை

தாராளமாக விண்ணப்பியுங்கள் தங்கையே. வெளிநாட்டுப் பட்டத்துக்கு மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். ஒவ்வொரு பாடத்தையும் அமெரிக்க யூனிட் கணக்கில் பிரித்துக் காட்டும் விரிவான அறிக்கையாக வாங்குங்கள். எந்த நிறுவனங்களின் அறிக்கையை ஏற்கிறார்கள் என்று அந்தந்த மாவட்டத்தின் மனிதவளப் பிரிவிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், இல்லையென்றால் இரண்டு முறை பணம் கட்ட நேரிடும். உங்கள் இரண்டாண்டு எம்ஏ அமெரிக்க முதுகலைக்குச் சமம் என்று அறிக்கை சொன்னால், மூன்றாண்டு இளங்கலை பற்றிய கேள்வி பெரும்பாலும் அடங்கிவிடும். ஏனென்றால் பொருளியல் முதுகலை நேரடித் தகுதி.

பகுதிநேரத்துக்கு ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் விண்ணப்பத் தொகுப்பு பல மாவட்டங்களில் உண்டு. அதில் போட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டாம், துறைத் தலைவருக்குச் சிறு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆகஸ்டிலும் ஜனவரியிலும் பருவம் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்புதான் யாராவது விலகுவார்கள், அப்போது துறைத் தலைவர் நினைவில் வரும் பெயரைத்தான் அழைப்பார். விண்ணப்பத்தில் கோவையில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த மாணவர்களுக்கு நடத்திய அனுபவத்தை விரித்து எழுதுங்கள். இங்கே அதற்கு மதிப்பு அதிகம். எங்கள் மாணவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் லத்தீன் அமெரிக்கப் பின்னணி உடையவர்கள், பலர் வீட்டில் முதலாவதாகக் கல்லூரிக்கு வருகிறவர்கள்.

பயம் நியாயமானது. இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. முழுநேர இடம் கிடைத்தாலும் நான்கு ஆண்டுத் தகுதிகாண் பருவத்துக்குப் பிறகுதான் நிரந்தரம்.

கோவைக்காரி

அக்கா, அறிக்கை வந்தது, மூன்று மாவட்டங்களில் விண்ணப்பித்தேன், ஓரிடத்தில் அழைத்திருக்கிறார்கள்! பதினைந்து நிமிட மாதிரி வகுப்பு. தலைப்பு, தேவையின் விலை நெகிழ்ச்சி (விலை மாறினால் வாங்கும் அளவு எவ்வளவு மாறும் என்பது). பொருளியலே படிக்காத மாணவர்களை மனத்தில் வைத்து நடத்த வேண்டுமாம்.

சியாட்டில்_பொருளியல்

வாழ்த்துகள் சகோதரி. இன்சுலினையும் சினிமா டிக்கெட்டையும் வைத்துத் தொடங்காதீர்கள், எல்லோரும் அதையே சொல்வார்கள். விரிகுடாப் பாலத்துச் சுங்கக் கட்டணத்தை எடுங்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் அதைக் கட்டுகிறவர்கள். கட்டணம் ஏறியபோது யார் காரை விட்டுவிட்டு ரயிலுக்கு மாறினார்கள், யாரால் மாற முடியவில்லை என்று கேட்டுவிட்டுப் பிறகு வரைபடத்துக்கு வாருங்கள். சூத்திரத்தைக் கடைசி நான்கு நிமிடத்துக்கு வையுங்கள். வேண்டுமானால் சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் காணொளியில் ஒத்திகை பாருங்கள், நான் முதல் வரிசை மாணவனாக உட்கார்ந்து தொல்லை தரும் கேள்விகள் கேட்கிறேன்.

கோவைக்காரி

மிகுந்த நன்றி அண்ணா. சனிக்கிழமை பத்து மணிக்கு வந்துவிடுகிறேன். அந்த 2008 கேள்வியை மட்டும் கேட்காதீர்கள்.

மாலைநேர_ஆசிரியை

கேளுங்கள் சார், கட்டாயம் கேளுங்கள். நானும் வருகிறேன்.